சோமர்டன் மனிதன்: பெயர் கிடைத்த பிறகும் மூடப்படாத வழக்கு

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரை ஒட்டிய சோமர்டன் கடற்கரையில் 1948 டிசம்பர் 1 காலையில் ஒருவர் இறந்து கிடந்தார். அவர் யார் என்ற கேள்விக்கு 2022 ஜூலை 26 அன்று ஒரு பதில் வந்தது. அடிலெய்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டெரெக் அபாட்டும், அமெரிக்காவைச் சேர்ந்த மரபணு வம்சாவளி ஆய்வாளர் காலின் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் சேர்ந்து, அவர் மெல்பர்ன்காரரான கார்ல் வெப் என்று அறிவித்தார்கள். 'மர்மம் தீர்ந்தது' என்று உலகம் முழுக்கச் செய்திகள் வந்தன. ஆனால் தெற்கு ஆஸ்திரேலியக் காவல் துறை அப்போது அந்தப் பெயரை உறுதி செய்யவில்லை. கல்லறையிலிருந்து எடுத்த உடல் எச்சங்களின் மீது தாங்கள் நடத்தும் சோதனை தனி என்றது.

தீர்ந்ததா, இல்லையா? குழப்பம் வருவதற்குக் காரணம், 'மர்மம்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் நான்கு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன:

1. இறந்தவர் யார்?
2. எதனால் இறந்தார்?
3. அந்தச் சாவில் வேறு யாருக்காவது பங்கு உண்டா?
4. அந்த ஊருக்கு, அந்தக் கடற்கரைக்கு அவர் ஏன் வந்தார்?

2022 அறிவிப்பு முதல் கேள்விக்கான பதில். மற்ற மூன்றும் அப்படியே இருக்கின்றன. எழுபது ஆண்டுகளாக இந்த வழக்கைத் துருவிய ஆர்வலர்கள் பெரும்பாலும் நான்காவது கேள்வியில் ஆரம்பித்து மேலே போகப் பார்த்தார்கள். கதையைக் கண்டுபிடித்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பினார்கள். நடந்தது தலைகீழ். ஆள் கிடைத்ததும் கதைகள் பல உதிர்ந்தன. அது எப்படி நடந்தது என்று பார்ப்பதற்கு, முதலில் கையில் இருந்தவை என்னென்ன என்று தெரிய வேண்டும்.

## உடலும் சட்டைப் பையும்

காலை ஆறரை மணி வாக்கில் உடல் கண்டெடுக்கப்பட்டது. கடல் சுவரில் தலை சாய்ந்திருக்க, கால்கள் கடலை நோக்கி நீண்டு, பாதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கோட்டின் கழுத்துப் பட்டையில் பாதி புகைத்த சிகரெட் ஒன்று. முந்தைய நாள் மாலை ஏழு மணிக்கு அந்தப் பக்கம் நடந்து போன ஒரு தம்பதி, அதே இடத்தில் ஒருவர் படுத்திருந்ததையும் கையைத் தூக்கிக் கீழே விட்டதையும் பார்த்திருக்கிறார்கள். குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்று நினைத்துப் போய்விட்டார்கள். அரை மணி நேரம் கழித்து வந்த இன்னொரு ஜோடி அவர் அசையவே இல்லை என்றது.

பையில் இருந்தவை: அடிலெய்டிலிருந்து ஹென்லி கடற்கரைக்குப் பயன்படுத்தாத இரண்டாம் வகுப்பு ரயில் டிக்கெட், ஒரு பஸ் டிக்கெட், அமெரிக்கத் தயாரிப்பு அலுமினியச் சீப்பு, பாதி காலியான சூயிங்கம் பொட்டலம், தீப்பெட்டி, 'ஆர்மி கிளப்' சிகரெட் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் இருந்த ஏழு சிகரெட்டும் 'கென்சிடாஸ்' என்ற வேறு கம்பெனி. பர்ஸ் இல்லை. தொப்பி இல்லை, 1948இல் கோட்டு போட்ட ஆண் தொப்பி இல்லாமல் வெளியே வருவது கவனிக்கத்தக்க விஷயம். உடைகளில் இருந்த கம்பெனி லேபிள்கள் எடுக்கப்பட்டிருந்தன.

பிரேதப் பரிசோதனையில் வயது 40 முதல் 45 வரை என்று மதிக்கப்பட்டது. உயரம் சுமார் 180 செ.மீ. கைகளில் கடின உழைப்பின் அடையாளம் இல்லை. கெண்டைக்கால் தசை மேல்நோக்கித் திரண்டு, நடனக்காரர்களுக்கு இருப்பது போல இருந்தது. மண்ணீரல் வழக்கத்தைவிடச் சுமார் மூன்று மடங்கு பெரிது. உறுப்புகளில் ரத்தம் தேங்கியிருந்தது, வயிற்றிலும் ரத்தம். நஞ்சு என்ற சந்தேகம் மருத்துவர்களுக்கு வலுவாக இருந்தது. ஆனால் சோதித்த எதிலும் நஞ்சு கிடைக்கவில்லை.

இங்கே ஒரு சொல்லை விளக்கிவிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் இயல்பற்ற மரணங்களைக் 'கரோனர்' என்ற அதிகாரி விசாரிப்பார். அந்த விசாரணை ஒரு குற்ற வழக்கு கிடையாது. இறந்தவர் யார், எங்கே, எப்போது, எப்படி இறந்தார் என்பதைப் பதிவு செய்வதே அதன் வேலை. 1949 ஜூனில் நடந்த விசாரணையில் உடலியல் பேராசிரியர் ஸ்டான்டன் ஹிக்ஸ், உடம்பில் தடம் விடாமல் இதயத்தை நிறுத்தக்கூடிய இரண்டு பொருள்களின் பெயரைக் கரோனருக்கு எழுதிக் கொடுத்தார்: டிஜிட்டாலிஸ், ஸ்ட்ரோஃபாந்தின். இரண்டும் அந்தக் காலத்தில் இதய நோய்க்கு மருந்தாகப் புழங்கியவை. 'இப்படி நடந்திருக்க முடியும்' என்பதே அவர் சொன்னது. அது பிறகு பலர் எழுத்தில் 'இப்படித்தான் நடந்தது' என்று மாறிவிட்டது. கரோனரால் எந்த முடிவுக்கும் வர முடியவில்லை.

## ரயில் நிலையத்தில் ஒரு பெட்டி

1949 ஜனவரியில் அடிலெய்டு ரயில் நிலையத்தின் பொருள் வைப்பறையில் யாரும் வந்து கேட்காத ஒரு பழுப்புப் பெட்டி கிடைத்தது. நவம்பர் 30 காலை 11 மணிக்குப் பிறகு வைக்கப்பட்டது. அதற்குள் இருந்த மெழுகு பூசிய ஆரஞ்சு நிற நூலும், இறந்தவரின் கால்சட்டைப் பையைத் தைத்திருந்த நூலும் ஒன்றே. அதனால் பெட்டி அவருடையது என்று முடிவானது.

உடைகளோடு சில விசித்திரமான சாமான்களும் இருந்தன: மின்வேலைக்கான திருப்புளி, குறுக்கி வெட்டிக் கூராக்கிய மேசைக் கத்தி, முனை தீட்டிய கத்தரிக்கோல், ஒரு துண்டுத் துத்தநாகத் தகடு, ஸ்டென்சில் எழுத்து போடும் தூரிகை. இந்தப் பெட்டியில் இருந்த உடைகளிலும் லேபிள்கள் இல்லை, மூன்றைத் தவிர. ஒரு டையில் 'டி. கீன்'. ஒரு சலவைப் பையில் 'கீன்'. ஒரு பனியனில் அதே பெயர், கடைசி எழுத்து இல்லாமல்.

போலீஸ் 'டி. கீன்' என்று காணாமல் போனவர் யாராவது உண்டா என்று தேடியது. இல்லை. உடனே ஒரு முடிவுக்கு வந்தார்கள்: மற்ற லேபிள்களை எல்லாம் எடுத்தவர் இதை மட்டும் விட்டிருக்கிறார் என்றால், இறந்தவரின் பெயர் கீன் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், திசை திருப்பவே விட்டிருக்கிறார். இந்த முடிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

## சுருட்டிய காகிதமும் ஐந்து வரி எழுத்தும்

இத்தோடு நின்றிருந்தால் இது ஓர் உள்ளூர் வழக்காகவே மறைந்திருக்கும். கால்சட்டையின் சின்னக் கடிகாரப் பைக்குள் இறுக்கமாகச் சுருட்டிய ஒரு காகிதத் துணுக்கு கிடைத்தது. அதில் அச்சான இரண்டு பாரசீகச் சொற்கள், 'தமாம் ஷுத்'. முடிந்தது என்று பொருள். பாரசீகக் கவிஞர் உமர் கய்யாமின் ருபாயத் என்ற கவிதை நூலின் ஃபிட்ஸ்ஜெரால்டு ஆங்கில மொழிபெயர்ப்பில் கடைசிப் பக்கத்தில் வருவது. தமிழில் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை தந்த கய்யாம் பாடல்கள் வழியாக நம்மில் பலருக்கும் அறிமுகமான அதே நூல்தான்.

போலீஸ் அறிவிப்பு கொடுத்தது. 1949 ஜூலையில் ஒருவர் புத்தகத்தோடு வந்தார். அருகிலுள்ள க்ளெனெல்க்கில் நிறுத்தியிருந்த தன் காருக்குள் யாரோ போட்டுவிட்டுப் போயிருந்ததாகச் சொன்னார். கடைசிப் பக்கம் கிழிந்திருந்தது. பின்பக்கம் பென்சில் அழுத்தத்தின் தடமாக ஐந்து வரி ஆங்கிலப் பெரிய எழுத்துகள். இரண்டாவது வரி அடிக்கப்பட்டது. மொத்தம் சுமார் 50 எழுத்து. கூடவே ஒரு தொலைபேசி எண்.

அந்த எண் உடல் கிடந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டர் தூரத்தில் வசித்த ஒரு செவிலியருடையது. இறந்தவரைத் தெரியாது என்றார் அவர். 1945இல் சிட்னியில் ஒரு ராணுவ அதிகாரிக்கு ருபாயத் பிரதி ஒன்றைக் கொடுத்ததாகச் சொன்னார். இறந்தவர் அந்த அதிகாரிதானோ என்று தேடினால், அவர் உயிரோடு இருந்தார். அவர் கையில் இருந்த பிரதியில் கடைசிப் பக்கமும் கிழியாமல் இருந்தது. இறந்தவரின் பிளாஸ்டர் மார்பளவு வார்ப்பைக் காட்டியபோது அந்தச் செவிலியர் மயங்கி விழப்போவது போலானார் என்று பதிவு இருக்கிறது. அந்த ஒரு பார்வையை வைத்து எழுதப்பட்ட பக்கங்களுக்குக் கணக்கே இல்லை.

## உளவாளி எப்படிப் பிறந்தார்

காலத்தைப் பார்த்தால் இந்த யூகம் ஏன் அவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டது என்று புரியும். தெற்கு ஆஸ்திரேலியாவின் வூமெராவில் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து ராக்கெட் சோதனைத் தளம் அமைத்துக்கொண்டிருந்தன. கான்பெராவிலிருந்து சோவியத் ஒன்றியத்துக்கு ரகசியம் கசிகிறது என்பதை அமெரிக்கா மறைகுறிகளை உடைத்துக் கண்டுபிடித்திருந்தது. அதன் விளைவாக 1949 மார்ச்சில் ஆசியோ என்ற ஆஸ்திரேலிய உளவு அமைப்பே உருவானது. அந்தச் சூழலில் லேபிள் இல்லாத உடை, தடம் விடாத நஞ்சு, புரியாத எழுத்து வரிசை. வேறென்ன தோன்றும்?

எழுத்து வரிசையை உடைக்க ராணுவக் குறியீட்டு வல்லுநர்கள் முதல் வீட்டில் இருந்தபடியே முயன்றவர்கள் வரை எத்தனையோ பேர் உட்கார்ந்தார்கள். 1978இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகப் பாதுகாப்புத் துறையினர் பார்த்துவிட்டு, இவ்வளவு குறைந்த எழுத்துகளை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். இது கணித நியாயம். 50 எழுத்துக்குப் பொருத்தமான 'விடை' ஆயிரக்கணக்கில் உண்டாக்கலாம். எது சரி என்று சோதித்துப் பார்க்க மிச்ச எழுத்து இருக்காது. பின்னால் அபாட்டின் மாணவர்கள் நடத்திய புள்ளியியல் ஆய்வு, இவை ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. அதாவது, யாரோ தன் நினைவுக்காகக் குறித்துக்கொண்டது போல. அப்படியானால் எழுதியவருக்கு மட்டுமே அதன் பொருள் தெரியும்.

## ஒரு பொருள் எப்போது துப்பு ஆகிறது

நான் இந்த வழக்கில் மிக முக்கியமாகக் கருதுவது இந்த இடத்தைத்தான். ஒரு பொருள் எவ்வளவு விசித்திரமாக இருக்கிறது என்பது அதன் எடையைத் தீர்மானிப்பதில்லை. அதற்கு வேறு எத்தனை சாதாரண விளக்கங்கள் உண்டு என்பதே தீர்மானிக்கிறது. சோமர்டன் பொருள்களை ஒவ்வொன்றாக இப்படி நிறுத்துப் பார்க்கலாம்.

1. லேபிள் இல்லாத உடை. ஆஸ்திரேலியாவில் துணிக்கு 1942 முதல் 1948 நடுப்பகுதி வரை ரேஷன் இருந்தது. பழைய உடை வாங்குவதும், அடுத்தவர் உடையை வாங்கிப் போட்டுக்கொள்வதும், முந்தைய சொந்தக்காரரின் பெயரைப் பிய்ப்பதும் அன்றாடம் நடந்தவை.

2. ஒரு கம்பெனிப் பெட்டிக்குள் இன்னொரு கம்பெனி சிகரெட். தட்டுப்பாட்டுக் காலத்தில் கிடைத்ததை வாங்கி இருக்கிற பெட்டியில் போடுபவர் நிறைய. நஞ்சு வைத்த சிகரெட்டை மாற்றிவிட்டார்கள் என்ற யூகத்துக்கு இதைத் தவிர ஆதாரம் இல்லை.

3. கெண்டைக்கால் தசை. இதிலிருந்து பாலே நடனக்காரர் என்ற யூகம் வந்தது. அந்தச் செவிலியரின் மகன் பின்னாளில் தொழில்முறை நடனக்காரர் ஆனது அதற்கு எண்ணெய் ஊற்றியது. நடப்பதும் சைக்கிள் ஓட்டுவதும்கூட அந்தத் தசையை வளர்க்கும். பிறவியிலேயே அப்படி அமைவதும் உண்டு.

4. தொலைபேசி எண். இது மட்டும் கொஞ்சம் கனமானது. குறிப்பிட்ட ஒருவரிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஆனால் புத்தகத்தில் ஒருவர் எண் இருப்பது, அந்த ஒருவருக்கும் புத்தகக்காரருக்கும் உறவு இருந்ததற்குச் சான்று ஆகாது.

5. 'டி. கீன்'. ஒரு சாதாரணப் பெயர். இறந்தவருடையதாகவோ, அவருக்கு உடை தந்த உறவினருடையதாகவோ இருக்கலாம். மொத்தப் பெட்டியிலும் ஒரு குடும்பத்தை நோக்கி நேராகக் கை காட்டியது இது ஒன்றுதான். இதைத்தான் ஓரம் கட்டினார்கள்.

சதி இருக்கிறது என்று முதலில் முடிவு செய்துவிட்டால் நேரான சாட்சியம்கூடச் சந்தேகத்துக்குரியதாகிவிடுகிறது. 'இவ்வளவு எளிதாகவா பெயர் கிடைக்கும்?' என்ற எண்ணமே அந்தப் பெயரைப் பொய்யாக்கிவிட்டது. அதில் போலீஸும் ஆர்வலர்களும் ஒரே படகில்தான் போனார்கள்.

தற்செயல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்னொரு வழக்கைச் சொல்லலாம். 2013இல் லாஸ் ஏஞ்சல்ஸ் விடுதி ஒன்றில் காணாமல் போன கனடிய மாணவி எலிசா லாமின் உடல், அந்தக் கட்டடத்தின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் கிடைத்தது. அதே வட்டாரத்தில் அப்போது காசநோய் பரவியிருந்தது. அந்த நோயைக் கண்டறியும் ஒரு சோதனையின் பெயர் 'லாம்-எலைசா'. பெயர்ப் பொருத்தத்தைப் பார்த்தவர்கள் இதற்குள் சதி இருக்கிறது என்று எழுதினார்கள். சோதனையின் பெயர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இருந்தது. அந்தச் சாவு தவறி நீரில் மூழ்கியதால் நேர்ந்தது, அவருக்கு இருந்த இருமுனை மனநோய் அதற்குத் துணைக்காரணம் என்பது அங்குள்ள கரோனர் அலுவலகத்தின் முடிவு.

## பிளாஸ்டரில் ஒட்டிய முடி

சரி, பெயர் எப்படிக் கிடைத்தது? 1949இல் உடலைப் புதைப்பதற்கு முன் தெற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஒருவர் தலை, தோள்களுக்குப் பிளாஸ்டர் அச்சு எடுத்தார். அந்த வார்ப்பில் இறந்தவரின் சில முடிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. வழக்கு தொடர்பான மற்றவை போய்விட்டன: பெட்டி 1986இல் அழிக்கப்பட்டது, புத்தகம் தொலைந்தது. முடி நின்றது.

முடியிலிருந்து டி.என்.ஏ. எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வேர் இருந்தால் முழு மரபணுத் தகவலும் எளிதாகக் கிடைக்கும். வேர் இல்லாத தண்டுப் பகுதியில் நீண்ட காலமாக மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. மட்டுமே எடுக்க முடிந்தது. அது தாயிடமிருந்து மட்டும் வருவது. ஒரே மாதிரி மைட்டோகாண்ட்ரியா வரிசை உள்ளவர்கள் ஏராளம். அதனால் ஒருவரை 'இவர் இல்லை' என்று விலக்கலாம். 'இவர்தான்' என்று சொல்ல முடியாது.

பின்னால் வந்த நுட்பம், முடித் தண்டில் நொறுங்கிக் கிடக்கும் உட்கரு டி.என்.ஏ. துணுக்குகளைக் கோடிக்கணக்கில் படித்து, கணினியில் ஒட்டவைத்து, மனிதருக்கு மனிதர் மாறுபடும் புள்ளிகளைத் திரட்டுகிறது. அப்புறம் நடப்பது வம்சாவளித் தேடல்:

1. திரட்டிய புள்ளிகளை, தங்கள் மரபணு விவரத்தைத் தாங்களே பதிந்து வைத்திருக்கும் மக்களின் பொதுத் தரவுத்தளத்தில் ஒப்பிடுவார்கள்.

2. பகிர்ந்துகொள்ளும் அளவைப் பொறுத்து உறவின் தூரம் தெரியும். பெற்றோரின் உடன்பிறந்தார் பிள்ளைகளோடு சராசரி 12.5 சதவீதம். தாத்தா பாட்டியின் உடன்பிறந்தார் பேரப்பிள்ளைகளோடு சுமார் 3 சதவீதம். அதற்கடுத்து ஒரு சதவீதத்துக்கும் கீழே.

3. கிடைத்த தூரத்து உறவினரிலிருந்து பின்னோக்கிப் போய்ப் பொது மூதாதையரைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கிளை கிளையாகக் கீழே இறங்குவார்கள்.

4. வயது, பாலினம், ஊர் பொருந்தி, இறப்புப் பதிவு இல்லாத ஆள் யார் என்று பார்ப்பார்கள்.

கல்யாண வீட்டில் பெரியவர்கள் 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்று கேட்டு, இரண்டு கேள்வியில் கொள்ளுத்தாத்தாவைப் பிடித்து, அங்கிருந்து உங்கள் அப்பாவுக்கு இறங்கி வருவார்களே, அதே வேலைதான். இங்கே மரத்தில் சுமார் 4,000 பேர் இருந்தார்கள். அதில் பிறந்த தேதி இருந்து, இறந்த தேதி இல்லாமல் நின்றவர் கார்ல் வெப்.

## கார்ல் வெப் யார்

1905 நவம்பர் 16 அன்று மெல்பர்னின் ஃபுட்ஸ்க்ரேயில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் கடைசி. மின்பொறியாளர், கருவிகள் செய்பவர். 1941இல் திருமணம். மனைவி மருந்தாளுநர். 1947 ஏப்ரலில் வெப் வீட்டை விட்டுப் போனார்; அதன் பிறகு அவரைப் பற்றி எந்தப் பதிவும் இல்லை. 1951இல் மனைவி, கணவர் கைவிட்டுப் போனார் என்ற காரணத்தைச் சொல்லி விவாகரத்துக்கு மனு செய்தார். அந்த ஆவணங்களில் வெப்பின் முகம் ஓரளவு தெரிகிறது: கவிதை படிப்பவர், எழுதுபவர், அதிலும் சாவைப் பற்றி, நண்பர்கள் குறைவு, கோபம் வந்தால் மனைவியிடம் வன்முறை, 1946இல் ஒருமுறை தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர்.

அவருடைய அக்கா ஒருவரின் கணவர் பெயர் தாமஸ் கீன்.

டையில் இருந்த 'டி. கீன்', இத்தனை காலம் திசைதிருப்பும் தந்திரம் என்று ஒதுக்கப்பட்டது, அநேகமாக மைத்துனர் கொடுத்த பழைய டை. திருப்புளியும் கூராக்கிய கத்தியும் துத்தநாகத் தகடும் ஸ்டென்சில் தூரிகையும் கருவி செய்கிறவரின் பையில் இருக்க வேண்டியவை. ருபாயத், கவிதைப் பிரியரின் பையில் இருக்க வேண்டியது. ஏன் யாரும் தேடவில்லை என்பதற்கும் பதில் இருக்கிறது: பெற்றோர் காலமாகிவிட்டார்கள், மனைவியைப் பொறுத்தவரை அவர் பிரிந்துபோன கணவர். காணாமல் போனவர் என்று எந்தக் காவல் நிலையத்திலும் அவர் பெயர் ஏறவே இல்லை. இறந்தவரின் படமும் கைரேகையும் எஃப்.பி.ஐ. வரை போயும் பலன் இல்லாததில் வியப்பில்லை.

டி.என்.ஏ. முடிவை நான் நம்புவதற்கு முக்கியக் காரணம் இந்தக் கீன் பொருத்தம். மரபணுவைப் பார்த்தவர்கள் டையைப் பார்த்துத் தேடவில்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு பாதைகள் ஒரே குடும்பத்தின் வாசலில் வந்து முடிகின்றன. தற்செயலாக இப்படி அமைவது மிகவும் கடினம்.

## நொறுங்கிய யூகங்கள், காயம்பட்ட மனிதர்கள்

அபாட்டின் சொந்த யூகமே இதில் விழுந்தது. இறந்தவரின் காது மடல் அமைப்பும், முன்பற்களில் இருந்த ஒரு பிறவிக் குறைபாடும் அந்தச் செவிலியரின் மகனுக்கும் இருப்பதாகப் படங்களை வைத்து அவர் கருதினார். இரண்டும் சேர்ந்து அமைவது அரிது என்பதால், இறந்தவரே அந்த மகனின் தந்தை என்று வாதாடினார். மகன் 2009இல் இறந்துவிட்டார். அவருடைய மகளைத் தேடிச் சந்தித்த அபாட், பிறகு அவரையே மணந்துகொண்டார். கடைசியில் டி.என்.ஏ. சொன்னது: உறவு எதுவும் இல்லை. தன் கருதுகோளைத் தானே சோதித்து, முடிவு எதிராக வந்தபோது அதை வெளியிட்டார் அவர். ஆர்வலர்கள் அபாட்டிடம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் காது மடலில் இல்லை, இதில்தான் இருக்கிறது.

ஆனால் அந்தச் செவிலியரின் நிலைமையை யோசிக்க வேண்டும். அவருக்கும் வெப்புக்கும் பழக்கம் இருந்தது என்று இதுவரை எந்த ஆவணமும் காட்டவில்லை. ஒரு புத்தகத்தில் தொலைபேசி எண் இருந்தது; அவ்வளவுதான். அதை வைத்து அவரைக் காதலி, உளவாளி, நஞ்சு வைத்தவர் என்று மாற்றி மாற்றி எழுதினார்கள். அவர் பெயரை வெளியிட வேண்டாம் என்று ஆரம்பத்தில் காவல் துறை காட்டிய கவனத்தைப் பின்னால் வந்தவர்கள் காட்டவில்லை. எலிசா லாம் வழக்கிலும் அதுவே நடந்தது. அந்த விடுதியில் முந்தைய ஆண்டு தங்கிய மெக்சிகோ இசைக்கலைஞர் ஒருவரை, அவர் பாட்டையும் வேடத்தையும் பார்த்தே கொலைகாரர் என்று முடிவுகட்டி வசைமாரி பொழிந்தார்கள். மாணவி காணாமல் போன சமயத்தில் அவர் மெக்சிகோவில் இருந்தார்.

இப்போது சோமர்டன் வழக்கில் அதே வேலை மறுபடி தொடங்கியிருக்கிறது. மனைவி மருந்தாளுநர், மருந்தாளுநருக்கு டிஜிட்டாலிஸ் தெரியும், மனைவி பின்னாளில் தெற்கு ஆஸ்திரேலியாவின் பியூட் என்ற சிற்றூரில் இருந்தார், ஆகவே... என்று கோக்கிறார்கள். அவரைப் பியூட்டில் காட்டும் ஆவணம் 1951ஆம் ஆண்டினுடையது. வெப் இறந்து கிட்டத்தட்ட மூன்று ஆண்டு கழித்து. நஞ்சு கொடுக்கப்பட்டது என்பதே நிரூபணமாகாதபோது கொடுத்தவரைத் தேடுவதில் என்ன நியாயம்? கணவர் இறந்ததே தெரியாமல், அவர் எங்கோ இருக்கிறார் என்று நீதிமன்றத்தில் மனு செய்த பெண் அவர். தன் தரப்பைச் சொல்ல இன்று அவர் உயிரோடும் இல்லை.

## காவல் துறை ஏன் காத்திருக்கிறது

அரசு உத்தரவின் பேரில் 2021 மே 19 அன்று வெஸ்ட் டெரஸ் கல்லறைத் தோட்டத்தில் உடல் எச்சங்கள் தோண்டி எடுக்கப்பட்டன. பிளாஸ்டர் முடியை வைத்துச் சொன்ன பெயரை அரசுத் தடயவியல் துறை அப்படியே ஏற்காததற்கு நியாயமான காரணங்கள் உண்டு.

1. அந்த வார்ப்பு பல கைகள் மாறியது. முடி இறந்தவருடையதுதான் என்பதைச் சட்டத்தின் முன் தனியாக நிறுவ வேண்டும். எலும்பிலிருந்து வரும் டி.என்.ஏ.வுக்கு அந்தக் கேள்வி எழாது.

2. வம்சாவளி மரம் 'இவராக இருக்க வேண்டும்' என்று ஆளைச் சுட்டும். அடையாளத்தைச் சட்டப்படி உறுதி செய்ய, எலும்பின் டி.என்.ஏ.வை வெப் குடும்பத்து நெருங்கிய உறவினரோடு நேரடியாக ஒப்பிடுவது முறை.

3. பெயரைப் பதிவேட்டில் ஏற்றும் அதிகாரம் கரோனருக்கு மட்டுமே. பேராசிரியரோ காவல் துறையோ அறிவித்தால் இறப்புச் சான்றிதழ் மாறாது.

ஆக முதல் கேள்விக்கு அரசு முத்திரை விழுவதற்கு வழி இருக்கிறது. இரண்டாவது கேள்வியின் நிலைமை வேறு. உடல் 1948 டிசம்பர் 10 அன்றே பதப்படுத்தப்பட்டது. டிஜிட்டாலிஸ் போன்ற தாவர மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே ஆளைக் கொல்லும். பதப்படுத்தும் திரவமும் எழுபது ஆண்டு மண்ணும் பட்ட பிறகு எலும்பில் அவற்றைத் தேடிப் பிடிப்பது மிகக் கடினம். காரீயம், ஆர்செனிக் போன்ற உலோகங்கள் மட்டுமே எலும்பிலும் முடியிலும் நீண்ட காலம் தங்கும். பெருத்த மண்ணீரலுக்கும் வயிற்று ரத்தத்துக்கும் நஞ்சு தவிர நோயும் காரணமாகலாம். அதைப் பிரித்துச் சொல்ல இன்று திசு மாதிரி எதுவும் மிச்சமில்லை. கரோனர் மறுபடி விசாரணை நடத்தினாலும், இறந்தவர் பெயர் என்ற கட்டத்தில் கார்ல் வெப் என்று எழுதிவிட்டு, காரணம் என்ற கட்டத்தில் 1949இல் எழுதியதையே திரும்ப எழுத வேண்டிவரலாம்.